ஆளில்லாத ஹோட்டலின் பச்சை விளக்கு

என் கூடப்பிறந்த மூத்தவரை, என் நானாவைக் கடல் கொல்லவில்லை. நீங்கள் கொன்றீர்கள். மேனேஜர் சேர், உங்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கரையில் ஹோட்டல் கட்டினீர்கள். வெளிநாட்டுக் காசு வரும், வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், ஊர் முன்னேறும் என்றீர்கள். காசு வந்தது. கட்டடம் எழும்பியது. ஆட்கள் வரவில்லை.

நான் அங்கே அறைகளைத் துப்புரவாக்கும் வேலை செய்தேன். யாரும் படுக்காத கட்டில்களுக்கு நாள்தோறும் விரிப்பு மாற்றினேன். யாரும் முகம் பார்க்காத கண்ணாடிகளைத் துடைத்தேன். கடற்காற்றுக்குத் தலையணை உறைகள் ஈரமாகிக் கிடக்கும், யாரோ இரவெல்லாம் அழுதுவிட்டு நான் வருமுன் எழும்பிப் போனதுபோல. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரமானால் எல்லா அறையிலும் விளக்குகள் தாமாகப் பற்றும். திரைகள் தாமாக விலகும். டீவிக்குள் ஒருத்தி சிரித்துக்கொண்டு வெறும் கட்டிலைப் பார்த்து "வெல்கம்" என்பாள். அந்தக் குரல் அறை அறையாக எனக்குப் பின்னாலேயே வரும். நான் பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே படியிறங்குவேன்.

ஏன் வீணாக எரிக்கிறீர்கள் என்று ஒருநாள் உங்களிடம் கேட்டேன்.

"காசு போட்டவங்க அவங்கட நாட்டிலிருந்து கெமராவுல பாக்குறாங்க, தங்கச்சி. இருட்டா இருந்தா காசை நிப்பாட்டிருவாங்க."

தண்ணீர்த் தாங்கிக்கு மேலே பெரிய பச்சை விளக்கு ஒன்றும் போட்டீர்கள். இயற்கையை நேசிக்கிற ஹோட்டலாம், அதற்கு அடையாளமாம். எங்கள் பள்ளிவாசல் மினாராவிலும் பச்சை விளக்குத்தான். கடலுக்குப் போனவர்கள் இருட்டும் நேரத்தில் அதைப் பார்த்துத்தான் முருகைக்கல் பாறைகளுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய வழியால் கரைக்கு வருவார்கள். அதனால் உங்கள் விளக்கின் நிறத்தை மாற்றச் சொன்னேன். சிரித்தீர்கள். "எது பள்ளி, எது ஹோட்டல் எண்டு தெரியாதவன் கடலுக்கு ஏன் போறான்?"

வீட்டில் வந்து சொன்னேன். நானாவும் சிரித்தார். "மனுசன் சொல்றதும் சரிதானே. கடல்ல இருந்து பாத்தா இடப்பக்கம் பள்ளி, வலப்பக்கம் பேய் வீடு." உங்கள் ஹோட்டலுக்கு அவர் வைத்த பெயர் அது.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. பள்ளி ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. மைக் இல்லாமல் வெறும் தொண்டையில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நானாவும் என் கணவரும் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயில் படகை எடுத்தார்கள். அவர்கள் திரும்பும்போது தூறல். கரை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. ஒரேயொரு பச்சை விளக்குத்தான் தெரிந்தது; இடமா வலமா என்று பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லை.

என் கணவர் நீந்திக் கரைசேர்ந்தார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"அது எந்த லைட் மச்சான்?" என்று இவர் கேட்டாராம்.

எஞ்சினைப் பிடித்திருந்த நானா சொன்னாராம்: "பள்ளிதான் மச்சான். நாட்டுல ஆஸ்பத்திரிக்கே டீசல் இல்ல. ஆளில்லாத பேய் வீட்டுக்கு எந்தப் பைத்தியம் டீசல் ஊத்தும்? பள்ளிக்கு யாரோ குடுத்திருக்காங்க. அல்ஹம்துலில்லாஹ்."

அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் படகைத் திருப்பினார். பாறை படகின் அடியைக் கிழித்தது.

நானா புத்தி கெட்டவர் இல்லை. மனிதர் யோசிக்கிற மாதிரி யோசித்தார். அவர் விட்ட பிழை அதுதான்.

அடக்கம் செய்ய நானாவின் மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. கரையில் நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் உங்கள் ஜெனரேட்டர் உறுமியது. அத்தனை ஜன்னலும் திரை விலகி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றிலாவது ஒரு தலை இல்லை. அலை ஓய்ந்த இடைவெளியில் அந்தப் பெண் "வெல்கம்" சொல்வது கேட்டது. கடலைப் பார்த்துக் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை.

சில மாதம் கழித்து ஹோட்டல் மண்டபத்தில் ஊராரைக் கூட்டினீர்கள். இரவில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டீர்கள். வெளிச்சம் கூடிய நாடு முன்னேறிய நாடு, இருண்ட நாடு பின்தங்கிய நாடு என்று கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். "இந்த நாடு ஒரு காலத்தில எங்களுக்குப் பின்னால நிண்டது. இப்ப பாருங்க." பிறகு எங்கள் கரையைப் பெரிதாக்கினீர்கள். மின்வெட்டு நாளொன்றில் எடுத்த படமாம். எல்லாம் இருட்டு. ஒரேயொரு புள்ளி மட்டும் மினுங்கியது.

"அதுதான் நாங்க. வானத்திலிருந்தே தெரியிற வளர்ச்சி."

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் எழும்பினேன்.

"சேர், அந்தப் புள்ளிக்குள்ள எத்தனை மனுசர் இருந்தாங்க?"

"கேள்விய எழுதித் தாங்க, தங்கச்சி."

"எழுத என்ன இருக்கு? ஒருத்தரும் இல்ல. விரிப்பு மாத்தினவ நான்தானே!"

மைக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

சரி, எழுதிவிட்டேன். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். நஷ்டஈடு பேச ஆள் அனுப்பவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் கலையுமுன் பள்ளி முற்றத்துக்கு வாருங்கள். என் கணவர் இருப்பார். நானாவின் மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்லுங்கள்: நான் வந்து சொல்லியும் அந்த விளக்கை ஏன் மாற்றவில்லை? அன்று அந்த டீசலை யாருக்காக எரித்தீர்கள்?