வேதகிரியை நான் பேசவில்லை

செங்கல்பட்டில் பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றுக்கு அடிக்கடி போகிறேன். பல வருடப் பழக்கம். ஆனாலும் கடையில் புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்திருந்தால், நான் வாயைத் திறந்ததும் "சார் கேரளாவா?" என்று கேட்பார். 'ரயர்' என்றால் அவருக்கு விளங்காது, 'டயர்' என்று சொல்ல வேண்டும். 'ரியூப்' என்று கேட்டால் கிடைக்காது, 'டியூப்' என்று கேட்க வேண்டும். அதனால் கடைப் படி ஏறும்போதே எழுத்துகளை நாக்கில் மாற்றிப் போட்டுக்கொள்வேன். கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஆங்கிலம் பழகினார். ஒஸ்லோவில் இருப்பவர்கள் அந்த ஊர் மொழியைப் பழகினார்கள். எனக்கு வாய்த்தது என் சொந்த மொழிதான். அதை இன்னொரு முறை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வாடகை வீடு. பின்வளவில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டி, மறுபடி ஓட வைக்கிறேன். கடற்கரைச் சாலையில் விடுமுறை வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கார்களில் ஒரு ஆசை. வாங்கி வந்து வாசலில் நிறுத்துவார்கள். உப்புக்காற்று காரை அடியிலிருந்து தின்னத் தொடங்கும். மேலே பளபளப்பாக நிற்கும், உள்ளே ஏறிக் காலை ஊன்றினால் கால் தகட்டைத் துளைத்துக்கொண்டு மண்ணில் போய் நிற்கும். அப்போது என்னிடம் வருவார்கள்.

எனக்கு இந்த வேலை யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் ஒரு கராஜில் பழக்கமானது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் எங்கள் ஊரில் அழகுப் பொருட்கள் இல்லை, கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன வாடகைக் கார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ராட் எடுப்பதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விடுவோம். ஓடாமல் நின்ற கார்களின் எண்ணெய்த் தாங்கிகள், இங்கே சொல்வதானால் டேங்குகள், வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தன. வெறும் தாங்கிக்குப் பயப்பட வேண்டும் என்று அந்தக் கராஜில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பயமெல்லாம் வானத்திலிருந்து வந்தது. ஷெல் கூவும் சத்தம் கேட்டால், நின்ற இடத்திலேயே குப்புற விழுந்து காதைப் பொத்த வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. அந்த வேலையை உடம்பு தானாகவே பழகிக்கொண்டது.

பிறகு படகு, பிறகு இங்கே அகதி முகாம். மலரை முகாமில்தான் கலியாணம் செய்தேன். போலீஸில் பதிவு செய்துகொண்டு வெளியே தங்கலாம் என்றானபோது இந்தப் பக்கம் வந்தோம். இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்து இங்கே படிக்கிறார்கள். ஊருக்குப் போனால் மறுபடி இங்கே வர விடுவார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் போகவில்லை. அம்மா செத்தபோதும் போகவில்லை.

வேதகிரி திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். ஒடுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவரை இங்கே டிங்கர் என்பார்கள். கொட்டகை போட்ட புதிதில், ஒரு அம்பாசடரின் கதவை நிமிர்த்த அவரைக் கூப்பிட்டேன். வந்த வேகத்தில் சுத்தியலை எடுத்தார். "அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ" என்றேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு அண்ணாத்த செத்துட்டாங்க, ஆறுதல் சொல்றதுக்கு?"

ஆறுதலாக என்றால் எங்கள் ஊரில் மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம் என்றேன். அன்று முழுக்கச் சிரித்தார். அந்தக் கதவு முடிந்த பிறகும் அவர் போகவில்லை. இயந்திரம் நான், தகடு அவர் என்று ஆகிவிட்டது. என் பெயரில் எதையும் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. ஆகவே கொட்டகையின் கரண்ட் இணைப்பு, கேஸ் சிலிண்டர், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் வேதகிரி பெயரில் இருந்தன.

"ஒம் பேர்லதான் இன்னா கீது அண்ணாத்த?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு பிள்ளையள்."

"அதுங்களையும் ஏம் பேர்ல எழுதிடு. பள்ளிக்கூடத்துல கேள்வி கேக்காம சேத்துப்பாங்க."

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது கூட வந்து, வாசலில் பாதி நாள் நின்றவர் அவர். அவருடைய மனைவி அமுலு சில மத்தியானங்களில் சாப்பாடு கொண்டுவருவாள். மலரும் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதைப்பார்கள். மலரின் தமிழை அமுலு திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். எங்கள் சொற்கள் பல அவளுக்கு அப்படித்தான் தெரிந்தன.

போன வருடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு ஐ.டி. வேலைக்காரர், செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வீடு ஒன்றில் கோழி அடைந்து கிடந்த காரை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். தரைத் தகடு முழுக்க வேதகிரி புதிதாக வெட்டிப் போட்டார். நான் இயந்திரத்தை இறக்கிச் செய்தேன். மாதக்கணக்கில் வேலை. இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று வேதகிரி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மிச்சம் இருந்தது பெற்றோல் தாங்கி. அடியில் துரு தின்று ஊசித் துவாரங்கள் விழுந்திருந்தன. அவற்றை நெருப்பு வைத்துத்தான் அடைக்க வேண்டும்.

தாங்கியை வேதகிரி சோப்புப் போட்ட வெந்நீரில் பல தரம் கழுவினார். மூடியைத் திறந்து வெயிலில் வைத்தார். அடைக்கிற அன்று காலை நான் கேட்டேன், "தண்ணி நிரப்பிப்போட்டுச் செய்வமா?"

"ரெண்டு நாளா காஞ்சிகினு கீது. வாசனையே இல்ல. மோந்து பாரு."

குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு மணம்தான் வந்தது. அவரும் இன்னொரு தரம் மோந்து பார்த்தார். தாங்கிக்குள் எண்ணெய் அலையாமல் இருக்கத் தகட்டுத் தடுப்புகள் உண்டு. அந்தத் தடுப்புகளின் மடிப்புக்குள் பழைய பெற்றோல் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தால், சூடு பட்டதும் அது ஆவியாகும். இது எங்கள் இருவருக்கும் தெரியாத விஷயமில்லை. இல்லை என்று இரண்டு மூக்கும் சொல்லின, நம்பினோம்.

வேப்பமரத்தடியில் அவர் தாங்கியை வைத்து, கேஸ் நெருப்பைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கொட்டகையிலிருந்து வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். அப்போதுதான் வெடித்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். நான் கீழே கிடந்தேன். முகம் மண்ணில், கைகள் காதில். அடுத்தது விழும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் முழுக்க நான் சுன்னாகத்தில் இருந்தேன், தலைக்கு மேலே வேறொரு வானம் இருந்தது. மலர் கத்துவது கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். வேதகிரி எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டை எரிந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் நாலடி நடந்து வந்திருந்தார். மலர் நனைந்த சாக்கை எடுத்து அவர்மேல் போர்த்துத் தள்ளினாள். நான் எழுந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அணைந்திருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு இருந்தார். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், அமுலு இருந்தாள். நான் நடைபாதையில் இருந்தேன். அடுத்த நாள் காலை அவள் வெளியே வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உங்களுக்கு எங்க அடி அண்ணா?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"அவரு அதையேதான் கேட்டுகினு கீறாரு. அண்ணாத்த கீழ வுழுந்து கெடந்தாரு, அவரப் போய்ப் பாருன்னு. உங்களத் தூக்கத்தான் வந்தாராம்."

நான் ஏன் விழுந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் சிறிது நேரம் என் கைகளையும் நெற்றியையும் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. உள்ளே திரும்பிப் போய், அண்ணன் நல்லா கீறாரு என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த நாள் விடியும்போது வேதகிரி இறந்துவிட்டார்.

உடலைக் கொடுப்பதற்கு முன் போலீஸ் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் என்னையும் அமுலுவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் பதிவுச் சீட்டைப் பார்த்ததும் எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் எரிந்து செத்திருக்கிறார், கூட இருந்த வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு காயமும் இல்லை. யாராக இருந்தாலும் கேட்பார்கள். ஆனால் வழக்கு என்று ஒன்று வந்தால் எனக்கு இங்கே இருப்பு இல்லை. மலருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. பயம் வந்தால் எனக்கு இரவல் தமிழ் போய்விடும், ஊர்த் தமிழ்தான் வரும்.

"ரெண்டு பேருக்கும் எதுனா தகராறா? திட்டிகினீங்களா?"

"இல்லை ஐயா. நான் அவரைப் பேசவேயில்லை."

எஸ்.ஐ. எழுதுகிறவரைப் பார்த்தார். "பேச்சுவார்த்தை இல்லியா? எவ்ளோ நாளா?"

"எண்டைக்குமே பேசினதில்லை ஐயா."

"கூடவே வேல செய்யறே, பேசினதே இல்லன்றே. அப்ப பகை இருந்திருக்குது."

என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் இன்னும் அழுத்தமாக, கடவுளாணை ஒருநாளும் அவரைப் பேசினதில்லை என்று சொன்னேன். எழுதுகிறவர் எழுதத் தொடங்கினார். அப்போது பக்கத்தில் அழுதுகொண்டிருந்த அமுலு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சார், அவங்க ஊர்ல பேசறதுன்னா திட்டறது. என் வூட்டுக்காரர ஒருநாளும் திட்டனது இல்லன்றாரு. ரெண்டு பேரும் பொழுதன்னிக்கும் பேசிகினுதான் இருப்பாங்க."

எழுதுகிறவரின் கை நின்றது. எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "சரி, வெடிச்சதும் நீ இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"விழுந்து படுத்தன்."

"ஆளு எரியறான். நீ படுத்துகினியா?"

இந்த முறை சொல் சரியாகத்தான் விளங்கியிருந்தது. நான் தலை குனிந்தேன். பதில் அமுலுவிடமிருந்தே வந்தது. "அவரு கீழ கெடந்தத என் வூட்டுக்காரரே பாத்தாரு சார். கடைசி வரைக்கும் இவருக்கு இன்னா ஆச்சின்னுதான் கேட்டாரு. பகைன்னா கேப்பாரா?" அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எஸ்.ஐ. விபத்து என்று முடித்தார். கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் அவள் என்னோடு ஒன்றும் கதைக்காமல் அவளுடைய அண்ணன்மாருடன் ஆட்டோவில் ஏறினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனோம். பங்காளிகள் ஒரு பக்கம், சம்பந்திகள் ஒரு பக்கம். வெளியாட்கள் அந்தாண்ட உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஹெரால்டின் சொந்தக்காரர் ஏற்கெனவே ஆள் அனுப்பிக் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மலரும் வெளியாட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள்தான் ஆத்மா பிரியும் என்பார்கள், அன்று அந்தியேட்டிக் கிரியை செய்வோம். கூட்டம் கலைந்த பிறகு அமுலுவிடம் அதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அவருக்கு அன்று படைக்கலாமா என்று கேட்டேன்.



"பதினாறோட அவர அனுப்பி வெச்சாச்சிண்ணா. திரும்ப இங்க கூப்டாதீங்க. நேத்துதான் நான் கொஞ்சம் தூங்கனேன்." பிறகு சொன்னாள்: "செஞ்சாத்தான் ஆவும்னா உங்க ஊர்ல செய்யச் சொல்லுங்க. அங்க அவருக்கு யாரையும் தெரியாது. தொந்தரவு இல்ல."

கோபத்தில் சொன்னாளா, இரக்கத்தில் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் செய்தேன். அந்தியேட்டி என்றால் எங்கள் ஆட்கள் கீரிமலைக் கடற்கரைக்குப் போவார்கள். தங்கச்சியின் கணவர் தானே செய்வதாக ஒப்புக்கொண்டார். முப்பத்தோராம் நாள் காலை நான் வளவில் நின்றேன். கீரிமலையிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணை, செத்தவர் உங்களுக்கு என்ன முறை எண்டு ஐயர் கேக்கிறார்."

"தம்பி எண்டு சொல்லு."

"எங்களுக்கு அப்பிடி ஒரு தம்பி இல்லை எண்டு ஐயருக்குத் தெரியும்."

"தெரிஞ்சாப் பரவாயில்லை. சொல்லு."

அவள் சொன்னாள். ஊர் கேட்டபோது திருக்கழுக்குன்றம் என்றேன். அது பாடல் பெற்ற தலமல்லோ என்று ஐயர் வியந்தது கேட்டது. பிறகு தங்கச்சி போனை அவர் பக்கம் நீட்டிப் பிடித்தாள். காற்று இரைந்தது. அதற்குள்ளே வேதகிரியின் பெயர் மந்திரத்தோடு சேர்ந்து நீட்டி நீட்டி வந்தது. யாழ்ப்பாணத்தை ஒருநாளும் பார்க்காதவரின் பெயரை நான் போக முடியாத அந்தக் கரையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முன்பு எப்போதோ கார் வேலை ஒன்று கொண்டுவந்த யாரோ ஒருவர், இறங்காமலே எட்டிப் பார்த்தார்.

"வேதகிரி கீறாரா?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "இப்ப இல்லை" என்றேன்.

"வந்தா சொல்லுங்க. கதவு ஒண்ணு தட்டணும்."

சரி என்று தலையாட்டினேன். மற்றக் காதில் ஐயர் அவருடைய பெயரை மூன்றாம் முறையும் சொன்னார். பிண்டத்தைக் கடலில் விடச் சொன்னார்.