தலைவர் வீட்டு வாசலில் அம்மாவின் ஐசி

போன வாரம் என் தம்பி மகள் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அத்தை, சனிக்கிழமை தலைவர் பொறந்த வீட்டுக்குப் போறோம். அப்படியே பீச்சுல ஒரு ராத்திரி தங்கல். ஓட்டல்ல கேப்பாங்க, ஐசி மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க லா." கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சிரித்த முகம் வேறு.

நல்ல செய்திதான். ஆனால் அந்த 'ஐசி' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மூடிவிட்டு உட்கார்ந்தேன். பார்த்தது நிஜம்தானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் திறந்தேன். என்னுடையது நீல ஐசி, பிறந்த நாளிலிருந்தே குடிமகள். யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும் சாலையில் போலீஸ்காரர் கையைக் காட்டினால் என் கை தானாகக் கைப்பைக்குள் போய்விடும். கிளினிக்கில் பெயர் பதிகிற பெண் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனால், அவள் திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "ஒனக்குக் காய்ச்சலே ஐசிய நெனச்சுத்தான் வருது" என்பார். செய்யட்டும். அவருடைய அம்மாவுக்கு நீல ஐசி.

என் அம்மாவுக்குச் சிவப்பு. இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீலம். இங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை என்கிறவர்களுக்குச் சிவப்பு. அப்பாவுக்கு நீலம், எனக்கு நீலம், தம்பிக்கு நீலம். அம்மா மட்டும் சிவப்பு. அம்மா ஒன்றும் கப்பலில் வந்தவர் இல்லை. நாங்களும் வளர்ந்த ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில், கோடி வீட்டில் பிறந்தவர். பிறந்ததைப் பதிந்து வரவேண்டிய தாத்தா போகவில்லை. மழைக்காலம், ஆறு பெருகிக் கிடந்தது, டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் விழாது, கூலி போய்விடும். அடுத்த பிள்ளை பிறந்ததும் இரண்டையும் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். அடுத்த பிள்ளை பிறக்கவே இல்லை.

அதனால் அம்மா அந்தச் சிவப்பு அட்டையை உயிர் மாதிரி வைத்திருந்தார். சீனிப் பையில் சுற்றி, கைக்குட்டையில் முடிந்து, ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டுக் குத்தியிருப்பார். பால் மரம் வெட்டப் போனாலும் அதுதான், கோயிலுக்குப் போனாலும் அதுதான். பஸ்ஸில் போகும்போது முன்னால் போலீஸ் தடுப்பு தெரிந்தால் அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிடும். வாய் முருகா முருகா என்று முணுமுணுக்கும். கை ஊக்கைத் தேடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது தோளில் தெரியும். அந்தப் பயம் எனக்கு அங்கேயிருந்து வந்ததுதான். தாய்ப்பாலோடு வந்தது என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

சந்தனமும் குங்குமமும் கலந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு வருவது அந்த ஐசி. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஓர் ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். நான் அப்போது சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. மரம் சீவும் உளி, பால் வாளி, அப்பாவின் மோட்டார் சாவி, தம்பியின் கணக்குப் புத்தகம். கடைசியில், வாழை இலையில், உறையில்லாமல் அம்மாவின் ஐசி. நெற்றியில் வைப்பதுபோல் அதன் படத்துக்கு மேலே சந்தனம், குங்குமம். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்தாகிவிட்டது.

அப்பா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டி, இது என்ன உளியா வாளியா? இதுக்குமா பூச வப்ப?"

அம்மா அசரவில்லை. "உளிக்கு வக்கிறோம், வாளிக்கு வக்கிறோம். இது இல்லாட்டி அந்த உளிய நம்ம கையில எவன் குடுப்பான்?"

அப்பா குனிந்து அதைக் கையில் எடுத்தார். அட்டையின் பிளாஸ்டிக் ஓரம் ஏற்கெனவே வாய் பிளந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டது. துடைத்தோம், வெயிலில் வைத்தோம், அரிசிக்குள் புதைத்தோம். காய்ந்தபோது படத்தில் அம்மாவின் ஒரு கன்னம் மஞ்சளாகி, கீழே இருந்த எண்ணில் ஒன்று மூன்றா எட்டா என்று தெரியாமல் போயிருந்தது. அம்மா அழவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அடுத்த மாதம் நேர்காணல். நீல ஐசிக்கு எழுதிப் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். மலாய் பேசச் சொல்வார்கள், நாட்டைப் பற்றிக் கேட்பார்கள், தேசியப் பாட்டைப் பாடச் சொன்னாலும் சொல்வார்கள். "மாத்தப் போனா, இது ஒன்னுதுதானான்னு கேட்டுப் புடுங்கிக்கிட்டா? இருக்கறதும் போயிடும்டி" என்றார் அம்மா. எனக்கும் அதே பயம்தான். வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மண்டோர் சன்னாசி மாமா பஸ் பிடித்தார். எங்கள் தோட்டத்தில் வேலை மேற்பார்வை அவர். கோயில் காரியமும் அவர் கையில்தான். தோட்டத்து ஜனங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு தலைவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, அதே வழியில் ஆறு கடலில் கலக்கும் ஊருக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. சி ரூசா என்கிற ஊரையும் தாண்டிக் கரையோரமாகவே தெற்கே போகவேண்டும். தலைவர் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. நாடு கைக்கு வந்த காலத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். தோட்டத்தில் நாங்கள் 'தலைவரு வூடு' என்றுதான் சொல்வோம்.

அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "அவரு வூட்டு வாசல்ல ஐசி கேப்பாங்களாம். அங்க இத ஒத்துக்கிட்டா, ஆபீசுலயும் ஒத்துக்குவாங்க" என்றார். எங்கள் ஆட்கள் ஒரு காரியத்தில் இறங்கும் முன் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தப் பூவாக அம்மா ஐசியைப் போடப் போகிறார். சாமி பொய் சொன்னாலும் பூசாரி சமாளிப்பார். காவலாளி சமாளிப்பாரா?

பஸ்ஸில் எல்லோரும் பாட்டும் கும்மாளமுமாக வந்தார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தேசியப் பாட்டை உதட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தார். இரண்டாவது அடி வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுபோகும். என்னைப் பார்ப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். மறுபடியும் முதலிலிருந்து.

தலைவர் வீடு, கால் மரங்கள் மேல் நிற்கும் பலகை வீடு. சுற்றிலும் ரம்புத்தான் மரங்கள். வாசலில் ஒரு சின்னக் கூண்டில் வயதான மலாய்க் காவலாளி. சன்னாசி மாமா இறங்கிப் போய்த் தன்னுடைய ஐசியை நீட்டினார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பஸ்ஸையே ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, "மாசுக், மாசுக்" என்று எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டார். ஒரு பஸ்ஸுக்கு ஓர் ஐசி போதுமாம். எனக்கு உடம்பிலிருந்த கனமெல்லாம் இறங்கியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா நகரவில்லை.

"என்ன இப்படி வுட்டுட்டாரு? பாக்கவே இல்லியே."

"பாக்காதது நல்லதும்மா. வாங்க."

"பூப் பொட்டலத்தப் பிரிக்காம என்ன பூன்னு எப்படித் தெரியும்?"

சொல்லிக்கொண்டே ஊக்கைக் கழற்றினார். நான் தடுக்கும் முன்னால் கூண்டுக்கு முன்னால் போய் நின்று, சீனிப் பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "தெங்கோ டூலு, பாக்சிக்" என்றார். முதலில் இதைப் பாருங்கள், பெரியவரே என்று அர்த்தம். மலாயில் அம்மா அவ்வளவு தைரியமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து, "குன்யிட்?" என்றார். மஞ்சளா என்று கேட்கிறார். அம்மா தலையாட்டினார். சாமிக்கு வைத்தோம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினார். எங்கே பிறந்தாய் என்று கேட்டார் அவர். "ரெம்பாவ்." அவர் சிரித்துவிட்டார். "டெக்காட் லா" என்றார். பக்கத்தில்தான். அட்டையை அம்மா கையில் திருப்பிக் கொடுத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார்: இங்கே பரவாயில்லை, ஆபீசில் மாற்றிவிடு.

ஒத்துக்கொண்டாரா, இல்லையா? வீட்டுக்குள் படியேறும்போது அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு பூ விழுந்தால் யார் பலன் சொல்வது?

உள்ளே எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர் பிறந்த கட்டில், அவரைக் குளிப்பாட்டிய பித்தளைப் பாத்திரம், தொட்டில் கட்டிய உத்தரம். இந்த அறையில், இன்ன நாளில், இன்ன நேரத்தில் பிறந்தார் என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்துச் சொன்னேன். அம்மா உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரகசியமாகக் கேட்டார். "இவரு பொறந்தத யாரு போயி பதிஞ்சது?"

"யாராச்சும் போயிருப்பாங்கம்மா."

"அவங்கப்பாவா இருக்கும். நல்ல மனுசன்" என்றார்.

அங்கேயிருந்து கடற்கரை. பழுப்பு ஆறும் சாம்பல் கடலும் கலக்குமிடத்தில் ஒரு கல்லணை. ஒரு பக்கம் மீன் பிடிக்கிற படகுகள், மறுபக்கம் குளிக்கிற கூட்டம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது புளிச்சோற்றில் மணல் விழுந்தது. எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் கல்லில் உட்கார்ந்திருந்தார். "என்ன அஞ்சலை, கடலு ஒன்ன முழுங்கிருமா?" என்று சன்னாசி மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினார். அம்மா சிரித்து மழுப்பினார். ரவிக்கைக்குள் இருந்ததுதான் காரணம். தண்ணீர் ஒரு தடவை செய்தது போதாதா?

கொஞ்ச நேரம் கழித்து, என்ன நினைத்தாரோ, முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தார். "கெட்டியா புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவுக்குத்தான். அலை வந்தபோது சின்னப் பெண் மாதிரி ஒரு சத்தம் போட்டார். அம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பார்த்து ரசித்திருக்க வேண்டும். எனக்கெங்கே முடிந்தது? காற்று அடிக்கிறது, அட்டை கையில் வியர்க்கிறது. இரண்டு கையையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, சீக்கிரம் வாங்கம்மா, சீக்கிரம் வாங்கம்மா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நேர்காணலில் அம்மா பாட்டைத் தடுமாறாமல் பாடினாராம். இரண்டாவது அடியும் வந்ததாம். மஞ்சள் அட்டையைப் பார்த்து யாரும் திட்டவில்லை. மாற்றிப் புதிதாகக் கொடுத்தார்கள், அதுவும் சிவப்புத்தான். நீலத்துக்குப் பதில் வரும், காத்திருங்கள் என்றார்கள். அம்மா காத்திருந்தார். தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவார். நான் கல்யாணமாகிப் போனேன், தம்பி கெமாஸில் ரயில் வேலைக்குப் போனான், அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மா வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பதில் வருவதற்குள் அவரும் போய்விட்டார். அம்மா பிறந்ததைப் பதிய யாரும் போகவில்லை. இறந்ததைப் பதிய நான் போனேன். இறந்தவரின் ஐசியை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்தேன்.

இந்தச் சனிக்கிழமை தலைவர் வீட்டில் கட்டில் இருந்தது, பாத்திரம் இருந்தது, உத்தரத்துக்குப் புது வார்னிஷ் அடித்திருந்தார்கள். கூண்டில் யாரும் இல்லை. கல்லணைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தம்பி மகள் காரை ரெம்பாவ் பக்கம் திருப்பினாள். "பாட்டி பொறந்த எடத்தையும் பாத்துட்டுப் போயிருவோம் அத்தை."

தோட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு இல்லை என்று தெரியாது. பால் மரம் இல்லை, லயம் இல்லை, கோயில் அரசமரம் இல்லை, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மணியடித்த தண்டவாளத் துண்டு இல்லை. சுற்றி மதில் எழுப்பி உள்ளே வரிசையாக மாடி வீடுகள். நுழைவாயிலில் ஒரு தடுப்புக் கட்டை, பக்கத்தில் காவல் கூண்டு. என் கணக்குப்படி கடைசி லயம் அந்தக் கூண்டுக்குச் சற்று உள்ளே இருந்திருக்க வேண்டும். கோடி வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி.

காவலாளி சின்னப் பையன், எந்த நாட்டிலிருந்தோ வந்து வேலை செய்கிறவன். அவன் வாய் திறக்கும் முன்பே நான் ஐசியை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டேன். அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். நீலம்தான், குறை ஒன்றும் இல்லை. "ருமா மானா, மாக்சிக்?" என்றான். எந்த வீட்டுக்கு, அம்மா?

தம்பி மகள் என்னைப் பார்த்தாள். நான் தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் இன்னொரு தடவை கேட்டான், மரியாதையாகத்தான்.

அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவள் காரைப் பின்னால் எடுத்தாள். பெரிய சாலை வந்த பிறகு கைப்பையைத் திறந்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.