நான்காம் ஷரத்தும் என் வீட்டு மதிலும்

எங்கள் கட்டடப் பொறியாளர் சங்கத்துக்கு அம்பத்தூரில் ஒரு பெயின்ட் கடை மாடியில் அறை உண்டு. பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பீரோ, பீரோவுக்குள் போன ஆண்டு விழாவில் மிஞ்சிய பொன்னாடைகள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கும் நாங்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடி, எம்சாண்ட் மணலின் தரத்தைத் திட்டி, பஜ்ஜி தின்று கலைவோம். இந்தச் சங்கம் இலங்கையில் உள்ள ஒரு பொறியாளர் சங்கத்துடன் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போடப்போகிறது என்றபோது என் மனைவி நம்பவில்லை.

“அவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்றாள்.

கிடைத்திருப்பார்கள். ஆனால் கல்யாண மண்டபங்கள் கட்டிக்கொடுக்கும் எங்கள் தலைவர், ஒரு கண்காட்சிக்குக் கொழும்பு போன இடத்தில் சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். நான் செயலாளர். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

ஒப்பந்தத்தில் பன்னிரண்டு ஷரத்துகள். பதினொன்று சும்மா ஒப்புக்கு. பரஸ்பரம் அழைப்பது, உபசரிப்பது, படம் எடுத்துக்கொள்வது. நான்காவதை மட்டும் மனம் வைத்து எழுதினேன். ஒரு மனையின் மழைநீர் இன்னொரு மனையைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், இரு தரப்பும் கலந்து பேசி அதற்கு வழிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தை இரு சங்கங்களும் தத்தம் நாட்டில் பரப்பும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

இங்கே என் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருநின்றவூரில் என் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு மாவுக்காரம்மா இருக்கிறார். புருஷன் இல்லை. முன்னறையில் இரண்டு கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு அரைத்து எங்கள் தெரு முழுக்கக் கொடுக்கிறார். எங்கள் வீட்டுத் தோசையும் அவர் மாவுதான். நான் வீடு கட்டுவதற்கு முன்பு அவர் வீட்டு மழைத்தண்ணீர் என் காலி மனை வழியாக ஓடி, எனக்கு வலப்பக்கம் உள்ள வாய்க்காலில் விழும். நான் வந்தேன். வீட்டை உயர்த்திக் கட்டினேன். சுற்றி மதில் எழுப்பினேன். அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு கிரைண்டரின் மோட்டார் புகைந்தே போயிற்று.

மாவுக்காரம்மா முதலில் என்னிடம்தான் வந்தார். “இஞ்சினீர் சார், இன்னா சார் இது, ஊட்டுக்குள்ள கொளம் மாரி நிக்கிது. இன்னொரு மிசினும் பூடுச்சின்னா நான் ஊட்ட பூட்டிக்கினு கரையான்சாவடில தங்கச்சி ஊட்டாண்ட போவ வேண்டிதான்.”

நான் வாசலில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முப்பது வருட அனுபவத்தையும் முகத்தில் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: “உங்க தரையோட சரிவு தெருவைப் பாத்து இருக்கும்மா. தெருவுல வடிகால் இல்லை. நகராட்சிக்குத்தான் எழுதணும்.”

பச்சைப் பொய். சரிவு என் மனையைப் பார்த்துத்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் விதிப்படி விட்ட சந்தின் தரையை நான் உயர்த்தவில்லை. என் வீட்டுத் தண்ணீர் போக அந்தச் சந்தின் வாய்க்கால் பக்கத்து மதிலில் துளை வைத்திருந்தேன். அவர் பக்கத்து மதிலில் மட்டும் வைக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உளுந்து கழுவிய தண்ணீர் என் சந்து வழியாகப் போனால் நாறும். அவ்வளவுதான். மனசாட்சி கொஞ்சம் குத்தியதால் மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் மூன்று மனு. மாவுக்காரம்மா ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். அன்றைக்கு எங்களுக்கு மாவு ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

இலங்கைக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள், அதுவும் ஐப்பசியில். தேதி குறித்தது தலைவர். மண்டபத்தில் பெரிய பேனர், அதில் இரண்டு நாட்டுக் கொடிகளுக்கு நடுவில் இரண்டு நாட்டிலும் இல்லாத ஏதோ ஒரு பாலம். பீரோ பொன்னாடைகள் தோள்களுக்கு வந்தன. ஒன்றில் பாச்சை உருண்டை வாசம் தூக்கியது. குழுவின் தலைவி யாழ்ப்பாணத்து அம்மையார், வடிகால் வேலையில் ஊறியவர். நான் நான்காம் ஷரத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

“இது நல்லா இருக்கு. நீங்களே எழுதினது?”

“ஆமாம்” என்று நெளிந்தேன்.

“அப்ப அப்பிடி ஒரு இடத்தைப் பாத்திட்டுப் போவமே.”

எங்கள் தலைவருக்கு வாய் சும்மா இருக்காது. “நம்ம செயலாளர் தெருவே ஏரிப் பக்கம்தானே! வேனை எடுங்கப்பா!” என்றார். வெளியே மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆவடியில் ரயில்வே கேட் மூடியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திறந்தே கிடந்தது.

தெருவில் இறங்கினோம். மாவுக்காரம்மா புடவையைச் செருகிக்கொண்டு, பெயின்ட் பக்கெட்டால் முன்னறைத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் கட்டில் மேல் ஏறியிருந்தது. பொன்னாடையோடு வரும் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இஞ்சினீர் சார்! மனுவ பாத்துட்டு வந்துட்டாங்களா? எனக்குத் தெரியும் சார், நீ உட மாட்டே!” அவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, “இந்த மன்சன்தாங்க எனக்காவ எழுதிக்கினே கீறாரு” என்றார்.

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் இரண்டு கால்களையும் உள்ளே விட்டிருப்பேன்.

யாழ்ப்பாணத்து அம்மையார் என் மதிலைப் பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்கு அந்தப் பக்கம் போய் வாய்க்காலைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய்தான் அது. எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் எந்த இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். கொத்தனாருக்கும் தெரிந்த கணக்கு.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுங்கோ” என்று ஒரு முனையை என்னிடமே கொடுத்தார்.

என் வீட்டுச் சந்தில், வாய்க்கால் பக்கத்துத் துளைக்கு அருகில் நான். மாவுக்காரம்மாவின் கொல்லையில் அவர். நடுவில் என் மதில். குழாயில் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. மாவுக்காரம்மாவே டேப்பைப் பிடித்து அங்கே அளந்தார். என் பக்கம் தலைவர் அளந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினார். என் பக்கம் ஒரு சாண் பள்ளம்.

“தண்ணி உங்கட பக்கமாத்தான் போகும்” என்றார் யாழ்ப்பாணத்து அம்மையார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

கடப்பாரையையும் கொத்தனாரே கொடுத்தார். அவர் முன்வந்தும் நான் விடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானே மதிலின் அடியில் இடித்தேன். மூன்றாவது செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு, செடித்தொட்டிகளைத் தாண்டி, வாய்க்காலுக்கு ஓடியது. நாறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் படம் எடுத்தார். இரு சங்கங்களின் முதல் கூட்டுப் பணி என்ற தலைப்போடு அது எங்கள் செய்தி மடலில் அட்டைப் படமாகவே வந்தது. கடப்பாரையும் பொன்னாடையுமாக நான்.

மாவுக்காரம்மா மட்டும் கைதட்டவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை மாவு வாங்க நானே தூக்குடன் போனேன். முன்னறை காய்ந்திருந்தது. கிரைண்டர் தரையில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தூக்கை மட்டும் நீட்டினேன். மாவுக்காரம்மா அளந்து ஊற்றினார். மூடியை அழுத்தித் தூக்கை என் கையில் கொடுத்தபிறகு சொன்னார்:

“உன் கையெழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சி சார். அத்தப் பாத்துதான் நம்பிட்டேன்.”