போட்டோ வந்தால்தான் பொட்டி

மானாம்பதிக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற இருளர் குடியிருப்பில் செங்கேணியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் புருஷன் சுப்பன். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருவன் ஐசக்; அவன் ஊருக்குப் புதுசு.

ஐசக் சென்னைப் பையன். இருளர் மக்களின் வாழ்க்கையை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்குவதற்காகப் போன வருஷம் நடவு சமயத்தில் வந்து சேர்ந்தான். மழை ஓயும்வரை போவதும் வருவதுமாக இருந்தான். கேள்வி கேட்பான், எழுதிக்கொள்வான், யார் வீட்டில் டீ கொடுத்தாலும் மறுக்காமல் குடிப்பான். அதனால் அவனை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. செங்கேணிக்கும் பிடித்தது, ஆனால் அதை அவள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அவன் கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். அவன் அப்பா பீட்டர் இளவயதில் வாங்கியது. பேட்டரி கிடையாது, திரை கிடையாது, முழுக்க இரும்பு. கழுத்து வலிக்காதா என்று பார்க்கிறவர்களுக்கே கவலை வரும். உள்ளே ஃபிலிம் ரோல் போட வேண்டும்; ரோல் விலை அதிகம் என்பதால் ஒரே ரோலைத்தான் சிக்கனமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் வலப்பக்கத்துக் கைப்பிடியைக் கட்டைவிரலால் இழுத்துவிட வேண்டும். வெளிச்சத்துக்கு ஒரு வளையம், வேகத்துக்கு ஒரு சக்கரம், தெளிவுக்கு இன்னொரு வளையம் என்று திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் எல்லாம் திருகி முடிப்பதற்குள் எதிரே நிற்கிறவருக்குத் தாகம் எடுத்துவிடும்.

"பாக்கெட்ல அத்தாம் பெரிய போன வெச்சிக்கினு எதுக்கு தம்பி இந்தப் பேஜாரு?" என்று செங்கேணி கேட்டாள்.

"ஃபிலிம்ல எடுத்தா ஒரு உயிர் இருக்கும் அக்கா."

"அப்ப போன்ல எடுத்தா செத்துடுவமா?"

ஐசக் குனிந்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். ஆராய்ச்சியில் இப்படியான கேள்விகளுக்குப் பயிற்சி கொடுப்பதில்லை.

சுப்பனுக்கு மட்டும் அந்தக் கேமராவின்மேல் ஒரே மோகம். யாராவது போனை நீட்டினால் போதும், அவன் முகம் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இறுகிவிடும். ஆனால் இந்தப் பொட்டியை ஐசக் அவன் கையிலேயே கொடுத்துக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னான். உள்ளே நடுவில் ஒரு சின்ன வட்டம். தெளிவு சரியாக விழாதவரைக்கும் அந்த வட்டத்துக்குள் இருப்பது இரண்டு துண்டாக விலகித் தெரியும். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும்.

சுப்பன் பொட்டியைப் பொண்டாட்டி பக்கம் திருப்பினான்.

"மே! உன் மூஞ்சி ரெண்டா ஒடைஞ்சி கீது மே! நெத்தி ஒரு பக்கம், வாயி ஒரு பக்கம்! வாயத் தனியா வெச்சிப் பாத்தா வூடு அமைதியா கீது மே!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு என்றால் தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. ஐசக் அவசர அவசரமாகக் கேமராவை வாங்கி, திருகி, அமுக்கினான். 'டக்' என்றது.

"பல்லக் காட்டாதய்யா, போட்டோல வியுந்துடும்!" என்று செங்கேணி கத்தினாள். சுப்பனுக்குக் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கண்டுகொள்ளவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்கே பிடிபட்டதில்லை.

ஐசக் கடைசியாக ஊருக்குக் கிளம்பிய நாளில்தான் வினை வந்தது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவன் செங்கேணியிடம், "எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பி வைக்கிறேன் அக்கா" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அந்தச் சொல்லை அந்தக் குடியிருப்பில் எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

வெள்ளத்தில் அரிசி கொடுக்க வந்தவர்கள் கொடுத்த கையையும் வாங்கிய கையையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள், அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். டிவிக்காரர்கள் வந்து சுப்பன் கையில் கடப்பாரையைக் கொடுத்து, எலி பிடிக்க வரப்பைத் தோண்டுகிற மாதிரி நில்லுங்க, சிரிக்காதீங்க, இயல்பா இருங்க என்றார்கள். அவர்களும் அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா செங்கேணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதையே இங்கிலீஷில் சொன்னாள். குடியிருப்புக்காரர்களின் முகங்கள் உலகம் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கும். இவர்கள் வீட்டுச் சுவரில் மட்டும் ஒன்றும் கிடையாது.

செங்கேணி கிட்டே போனாள். ஐசக்கின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"போட்டோ வரட்டும். பொட்டி எடுத்துக்கினு போ."

"அக்கா, அது எங்க அப்பாவோடது!"

"அப்ப சீக்கிரம் வந்துடுவ."

"குட்த்துடு மே, பாவம் புள்ள" என்றான் சுப்பன். அவள் கொடுக்கவில்லை. ஐசக் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். செங்கேணியின் முன்னால் திறந்த வாய்கள் பொதுவாக அப்படியே மூடிக்கொள்ளும். அதுவும் மூடிக்கொண்டது.

அடமானப் பொருளுக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்பதில் அவள் கறார். பழைய சேலைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரேஷன் அரிசி டின்னுக்குள் அடியில் புதைத்து வைத்தாள். பிறகு தையிலும் மாசியிலும் போனில் நடந்த சண்டைகளைக் குடியிருப்பே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. பக்கத்து வீட்டு தேவி போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள்.

"அக்கா, சொன்னா நம்புங்க. ஃபிலிம் கேமராவுக்குள்ளதான் இருக்கு. அதைக் குடுத்தாதான் கழுவிப் போட்டோ போட முடியும்."

"போட்டோ குடு, பொட்டிய குடுக்கறேன்."

"போட்டோவே பொட்டிக்குள்ளதான் இருக்கு!"

"அப்ப எங்கிட்ட கீறத நீ எனக்கு அனுப்பி வெக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தியா?"

ஐசக் போனை வைத்துவிட்டான். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பாவிடம் கேமரா ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனான். தைரியம் வந்தால் நேரில் போகலாம் என்று இருந்தான். தைரியம் வரவில்லை.

சித்திரையில் சுப்பனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்துக்குக் கேட்கவில்லை. போய்விட்டான்.

மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று தேடினால் வீட்டில் இல்லை. ஆதார் அட்டையில் இருந்த தலையை உத்திரமேரூர் ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தாடை இறுகி, கண் வெறித்து, ஸ்டேஷன் சுவரில் ஒட்டுகிற படம் மாதிரி இருந்தது. செங்கேணி களையெடுப்பு முடிந்து வந்து அதற்கு எதிரே உட்காருவாள். "யாருய்யா நீ?" என்று கேட்பாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று தேவி முதலில் நினைத்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அசல் முகம் மறந்துவிடுமோ என்று செங்கேணிக்கு நிஜமாகவே பயம் பிடித்திருந்தது.

ஆடி பிறந்ததும் ஒரு காலையில் அவளே போன் போட்டாள்.

"தம்பி, அந்தாளு பூட்டான். சிரிச்சிக்கினு கீற மாரி ஒண்ணு எடுத்தியே, அத குடு. உனக்குப் புண்ணியமா பூடும்."

ஐசக் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அக்கா, சத்தியமா அது கேமராவுக்குள்ளதான் இருக்கு" என்றான்.

செங்கேணிக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவன் விஷயத்திலுமா அதே கதை? அரிசியைத் தள்ளிப் பொட்டியை வெளியே இழுத்துத் துணியைப் பிரித்தாள். இடப்பக்கத்தில் ஒரு குமிழ். அதை மேலே தூக்கினால் பின்கதவு திறக்கும் என்று சுப்பனுக்கு ஐசக் சொல்லிக்கொடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"இப்பவே தெறக்கறேன். உள்ள கீறானா இல்லையான்னு பாத்துடறேன்."

"அக்கா, தொறக்காதீங்க! வெளிச்சம் பட்டா அண்ணன் போயிடுவாரு!"

குமிழில் இருந்த கை நின்றுவிட்டது. பொய்யாகவே இருந்தாலும், ஒரு தரம் போனவனை இன்னொரு தரம் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பொட்டியைத் திரும்பத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மத்தியானப் பஸ்ஸில் ஐசக் வந்து இறங்கினான். முதலில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு செங்கேணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். லென்ஸில் பூஞ்சை பூத்திருக்கும் என்று பயந்துகொண்டே துணியைப் பிரித்தான். கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஈரத்தை எல்லாம் அரிசி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டு பீரோவின் மேல் இருந்தபோதுகூட இவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை.

"இந்த பட்டனை அமுக்குங்க அக்கா." அமுக்கினாள். 'டக்' என்றது. "இப்ப இந்தக் கைப்பிடியை இழுங்க. இழுக்கும்போது இடது பக்கத்துக் குமிழைப் பாருங்க. அதை யாரும் தொட வேணாம்."

அவள் இழுத்தாள். யாரும் தொடாத அந்தக் குமிழ் மெல்லத் தானாகச் சுற்றியது.

"உள்ள ஃபிலிம் நகருது, அதான் சுத்துது. காலியா இருந்தா சுத்தாது."

இதில் பேச்சு இல்லை, வாக்கு இல்லை, அனுப்பி வைப்பது இல்லை. கண்ணெதிரே ஒரு குமிழ் சுற்றுகிறது. செங்கேணி நம்பினாள். நம்பியதும் அவளுக்கு வேறொன்று உறைத்தது.

"தெனம் அவன் தல மேலதான் படிய உட்டு அரிசி எடுத்துக்கினு இருந்தனா?" என்றாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. தேவி வந்து பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் பழைய செங்கேணி திரும்பி வந்துவிட்டாள். ரோலில் இன்னும் சில படங்கள் பாக்கி என்று ஐசக் சொன்னான். வீணாக்குவானேன்? அவன் கையில் சுப்பனின் கடப்பாரையைக் கொடுத்தாள்.

"வரப்பத் தோண்டற மாரி நில்லு."

"அக்கா..."

"சிரிக்காத. இயல்பா இரு."

ஆடி வெயிலில் அவனை நிறுத்தி வைத்துவிட்டு அவள் நிதானமாக வளையத்தைத் திருகினாள். ஐசக்கின் நெற்றி ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் இருந்தன. இரண்டும் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மாவே திருகிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தாகம் எடுக்க வேண்டுமே. அமுக்கியபோது பொட்டிக்குள் ஒரு கணம் இருட்டு விழுந்து விலகியது. பாக்கிப் படங்களைத் தேவிக்கும் தேவியின் ஆட்டுக்கும் கொடுத்தாள். அப்புறம் கைப்பிடி பாதியில் நின்று, இழுத்தால் வரவில்லை.

"முடிஞ்சிடுச்சு அக்கா. இனிமே திருப்பிச் சுத்தணும்." பொட்டியின் அடியில் இருந்த சின்ன பட்டனை அமுக்கினான். குமிழில் மடங்கியிருந்த கைப்பிடியை விரித்து அவளிடமே கொடுத்தான். அவள் கிணற்று ராட்டினம் சுற்றுகிற கவனத்தோடு சுற்றினாள். விரலில் இழுவை தெரிந்தது. கடைசியில் சட்டென்று லேசானது. கதவைத் திறந்து, கட்டைவிரல் அளவு டப்பா ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கேமரா இங்கியே இருக்கட்டும். போட்டோவோட வரேன்" என்றான் அவனாகவே.

பேரம் நியாயமானதுதான். ஆனாலும் டப்பாவை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது அவள் படிவரைக்கும் பின்னாலேயே போனாள். இத்தனை மாதம் வீட்டிலேயே இருந்தவனை, இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே அனுப்பியாயிற்று. கேமரா மறுபடி அரிசிக்குள் போனது, துணி ஒரு சுற்றுதான். தினமும் எடுத்து ஒரு தரம் அமுக்கிக் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாள். குமிழ் அசையாது. திரும்ப வைத்துவிட்டு உலை வைக்கப் போவாள்.

"வரமாட்டான்" என்றாள் தேவி. குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். செங்கேணியும் அப்படித்தான் சொன்னாள், பஸ் வரும் நேரத்துக்கு மட்டும் ரோட்டோரத்தில் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டாள்.

ஐசக் வந்தான். ஒரு கட்டுப் போட்டோவும், சட்டம் போட்ட ஒரு பெரிய படமும் கொண்டுவந்தான். எல்லாம் கறுப்பு வெள்ளை. "கலர்ல எடுக்க வக்கில்லையா?" என்று கேட்டுக்கொண்டே செங்கேணி சட்டத்தை வாங்கினாள். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் கோத்து, வாயெல்லாம் பல்லாகச் சுப்பன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பல்லக் காட்டாதன்னு சொன்னனே, கேட்டியாய்யா?" என்றாள், தேவிக்குக்கூடக் கேட்காத குரலில்.

ஆதார் படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். பொட்டியை அவளே ஐசக்கின் கழுத்தில் மாட்டிவிட்டாள். போட்டோக் கட்டைப் புரட்டிய ஐசக், கடப்பாரையோடு தான் நிற்கிற படத்தைக் கண்டதும், "இதை நான் எடுத்துக்கட்டுமா அக்கா? அப்பாகிட்ட காட்டணும்" என்றான்.

"வெச்சிட்டுப் போ தம்பி. அனுப்பி வெக்கறேன்."

தேவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஐசக்கும் சிரித்துவிட்டான். விலாசத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். படம் வரும் என்று நினைத்து எழுதவில்லை.

அடுத்த வாரம் செங்கேணி உத்திரமேரூருக்குப் போனாள். தபால் ஆபீஸில் இருந்த பெண் கவரை வாங்கிப் போட்டோவை உள்ளே போட்டு, துண்டுத்தாளைப் பார்த்து விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ஒரு குத்துக் குத்திப் பைக்குள் போட்டாள்.

செங்கேணி நகராமல் நின்றாள். "அப்பறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. போய்ச் சேந்துடும்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

வெள்ளத்தில் வந்தவர்கள், டிவிக்காரர்கள், கட்டிப்பிடித்த அந்த அம்மா என்று ஒவ்வொருவராக அவள் கண்முன் வந்தார்கள். அத்தனை வருஷமும் ஏதோ பெரிய வேலை போலிருக்கிறது, அதனால்தான் யாராலும் முடியவில்லை என்று மனசின் ஒரு மூலையில் அவர்களுக்கு ஒரு சாக்கு வைத்திருந்தாள்.

"இதுக்கா அத்தினி பேருக்கும் கை வரல?" என்று தபால் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.