மொட்டைமாடியில் காய்ந்த தாவரவியல்

தாவரவியல் மாணவிக்குப் பாதிப் படிப்பு பழைய செய்தித்தாளில்தான் நடக்கிறது. சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை. நான் சேர்ந்தது ரங்கூனில், வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம். அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. இருபத்தைந்து செடிகளை வேரும் பூவுமாகக் காயவைத்துப் பாடம் செய்து, தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் புத்தகம் திறக்கிற தாய்மாரே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பிஸ்கட் டின்

அதற்கு முன்பு நான் படித்தது பகோ பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். செடியைக் காயவைக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ரங்கூன் தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சுளகில் பரப்பி, காக்கா கொத்தாமல் காவல் இருந்து, மொறுமொறுவென்று காய்ந்ததும் பிஸ்கட் டின்னில் அடைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் சயாமா டோ கின் வகுப்புக்குள் வந்தாலே எல்லோரும் கையைக் கட்டி எழுந்து நிற்போம். அப்படிப்பட்ட ஆசிரியை டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அவர் சிரிக்கும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை, அந்த மரியாதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

"மா ஆயிஷா, இதை எண்ணெயில் போட்டால் பொரியும், தாளில் போட்டால் உடையும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பி."

கைலிக் கட்டு

மதியச் சோற்றுக்கு எங்கள் வகுப்பில் எல்லோருடைய தூக்குச்சட்டியும் நடுவுக்கு வந்துவிடும். என் கருவாட்டுக் குழம்பைத் தின்றுகொண்டே தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து வரும் தோழி மா தீடா சொல்லிக்கொடுத்தாள்: செடியைச் செய்தித்தாளுக்குள் விரி, ஓர் இலையை மட்டும் திருப்பி வை, தினமும் தாளை மாற்று, மேலே பாரம் ஏற்று. மறுநாளே அவள் அப்பா படித்து முடித்த தாள்களையெல்லாம் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். என்ன மனசு பாருங்கள்!

பாரத்துக்கு நான் கண்டுபிடித்தது, லத்தா பேட்டைக் கடைக்குப் போகவேண்டிய, வீட்டுக்காரரின் வியாபாரக் கைலிக் கட்டுகள். நாலு கட்டை ஏற்றினேன். ஒரு வாரம் பொறுத்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

"சரக்கு கேக்குறவங்ககிட்ட, செடி தூங்குது, எழுப்பாதீங்கன்னா சொல்லட்டும்?"

இருபத்தைந்தாவது செடி

புளிச்சக்கீரைச் செடி ஒன்றைப் பூவோடு தேடிப் பிடித்து, அடுப்படியில் தண்ணீர் டம்ளரில் வைத்திருந்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் அது இறாலோடு கொதித்துக்கொண்டிருந்தது. மாமியாரைக் குற்றம் சொல்ல முடியாது, சமையல் அப்படி ருசி.

"அடுப்புக்குப் பக்கத்துல கீரைய வச்சா ஆக்கத்தான் செய்வேன், பரீட்சைக்கா அனுப்புவேன்?"

சேகரித்தவர் பெயர்

ஒப்படைக்கிற நாள் காலையில் இருபத்துநாலுதான் இருந்தது. ஒன்று குறைந்தால் ஒரு வருஷம் போச்சு. மறுபடி ஒருமுறை எண்ணலாம் என்று கடைசிக் கட்டைத் தூக்கினேன். அடியில் மெத்தையாகப் போட்டு மாற்றாமலே விட்ட தாளுக்குள் நான் வைக்காத ஒரு செடி! வேர், இலை, இலைக்கடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள். தட்டையாக, அழகாகக் காய்ந்திருந்தது. கீழாநெல்லி. எங்கள் படிக்கட்டு வெடிப்பில் முளைக்கிறது. நான் செய்வதைப் பார்த்து மகள் செருகியிருக்கிறாள்.

ஒட்டினேன். சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. என் பெயரைப் போட்டால் யாருக்கும் தெரியாது. 'ஸமீரா, வயது இரண்டு, தாமுவே, வீட்டுப் படிக்கட்டு' என்று எழுதி ஆசிரியையிடம் நீட்டினேன்.

என்ன செடி, எப்படித் தெரியும் என்று டோ கின் கேட்டார். காயைக் காட்டிச் சொன்னேன். மஞ்சள்காமாலைக்கு ஊரில் அரைத்துக் கொடுப்பதையும் சொன்னேன். அவர் துறையின் செடிகளைப் பத்திரப்படுத்தும் தேக்கு அலமாரியைத் திறந்தார். பழுப்பேறிய தாள்கள், மங்கிய மசியில் எப்போதோ படித்தவர்களின் பெயர்கள். என் இருபத்தைந்து தாளையும் மேசையில் அடுக்கி, கீழாநெல்லியை மட்டும் எடுத்து அலமாரியில் அந்தப் பழைய தாள்களின் மேல் வைத்தார்.

"பாடம் செய்ததும் பெயர் சொன்னதும் நீதான், அதனால் கணக்கில் சேரும். ஆனால் வேர் அறாமல் பிடுங்க மட்டும் உன் மகளிடம் கற்றுக்கொள்."

பரீட்சை எழுதிப் பாஸும் ஆகிவிட்டேன். ஆனால் கைலிக் கட்டைத் தூக்கினால் இன்றைக்கும் அடியில் ஏதாவது ஒரு பச்சைச் செடி நசுங்கிக் கிடக்கிறது.