மாப்பிள்ளை வண்டி மீட்டர்

சிராஜுதீனுக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது ஓட்டை. இருபத்திரண்டு வருஷம் பஞ்சாலையில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்தவர். அங்கே ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். ஈரம் காய்ந்தால் நூல் அறுந்துவிடும். நூல் அறுந்தால் மேஸ்திரி வாயில் என்னென்ன வருமோ அதெல்லாம் வரும். அதனால் எங்கே சந்து தெரிந்தாலும் அடைத்துவிடுவது என்று கை பழகிவிட்டது. மில் மூடிப் பல வருஷமாகியும் கை மறக்கவில்லை.

இப்போது நெல்லித்தோப்பில் பைக்குகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறார். கையெழுத்துப் போடுமளவுக்குத்தான் படிப்பு. ஆனால் யாராவது வண்டியைப் பற்றிப் பேசினால் இன்ஜினியர் மாதிரி தலையை ஆட்டுவார். பேத்தி பிறந்த அன்று வந்த ஒன்பது வண்டியையும் சும்மாவே கழுவிக் கொடுத்தார். பத்தாவதாக வந்தவனிடம், “எம்பேத்திக்கு அச்சு அசலா எம்மூக்கு தெரியுமா?” என்றார். அவன் அவர் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாவங்க” என்றான். அதற்கும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மருமகன் அஸாருதீன் குழந்தையைப் பார்க்க மழையில் நனைந்தபடி வந்தார். வாங்கி ஆறு மாசம் ஆகாத பைக். முன்னால் நம்பரெல்லாம் மின்னுகிற டிஜிட்டல் மீட்டர். அதன் கண்ணாடி உள்பக்கமாகப் புகை படிந்தது போலிருந்தது.

“மாப்ள, மீட்ரு இன்னா இப்டி கெடக்குது?”

“மழைத்தண்ணி எறங்கிடிச்சி மாமா. கம்பெனில குடுத்தா வாரண்டில மாத்திக் குடுத்துடுவாங்க.”

“கம்பெனியா? அப்ப மாமனாருன்னு ஒருத்தன் எதுக்கு?”

“அதுக்கில்ல மாமா, பிரிச்சா வாரண்டி...”

அதற்குள் சிராஜுதீன் சாவிக்குக் கையை நீட்டிவிட்டார். அஸாருதீனோ மாமனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத வீட்டில் வளர்ந்தவர். சாவியைக் கொடுத்துவிட்டார்.

மகள் தலை காயவைக்கும் மெஷினால் சிராஜுதீன் மீட்டரைக் கழற்றிச் சூடு காட்டிக் காயவைத்தார். மீன் தொட்டி ஒட்டுகிற கம்மை வாங்கி ஓரம் பூராவும் பூசினார். திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் ஊசி நுழைகிற அளவில் ஓர் ஓட்டை! மேலே மெல்லிசாகத் துணி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

“பாத்தியா, கம்பெனிக்காரன் அடைக்க மறந்துட்டு துணிய ஒட்டி ஏமாத்தியிருக்கான்” என்று மனைவி ஜஹபர் நிஷாவிடம் காட்டிவிட்டு, அந்த ஓட்டையில் மட்டும் கால் டியூப் கம்மைப் பிதுக்கினார். “இனிமே கடல்ல தூக்கிப் போட்டாலும் ஒரு சொட்டு எறங்காது.”

சொன்னது பொய்யில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. மழைநாளின் ஈரக்காற்றை உள்ளே வைத்தே அடைத்திருக்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் பெயர் வைப்பு. சம்பந்தி வீட்டார் ஆட்டோவில் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பேர் வைக்க வந்த ஹஜ்ரத் பதினோரு மணிக்கு வேறு இடத்தில் ஒரு நிக்காஹ் நடத்திவைக்க வேண்டும். பத்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். மகள் அஸ்ஃபியாவோ, “அவரு வந்து மொதல்ல புள்ள காதுல பேரு சொன்னாத்தான்” என்று சொல்லிவிட்டாள்.

ஒன்பதே காலுக்கு போன் அடித்தது.

“மாமா, பிள்ளைச்சாவடிகிட்ட வண்டி நின்னுபோச்சி.”

“பெட்ரோல் பாத்தீங்களா மாப்ள?”

“மீட்ருல ஃபுல்லுன்னு காட்டுது.” கொஞ்சம் நிறுத்தி, “நாலு நாளா ஃபுல்லுன்னுதான் காட்டுது மாமா.”

சிராஜுதீனுக்குக் கம் டியூப் நினைவுக்கு வந்தது. “ஆட்டோலாம் வேணாம், அங்கயே நில்லுங்க” என்று மொபெட்டை முறுக்கினார்.

ரோட்டோரம் வெயிலில் நின்றது பைக். மீட்டர் கண்ணாடிக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இரண்டு மீன் விட்டால் நீந்தும். அதற்கு நடுவே பெட்ரோல் கோடு ஆறும் அசையாமல் எரிந்தன. மாமனும் மருமகனும் அதைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

புது வண்டியை ரோட்டில் விட்டுவர மனசில்லை. பங்க் ஒரு கிலோமீட்டர். அஸாருதீன் பைக்கில் உட்கார, சிராஜுதீன் மொபெட்டை ஓட்டியபடியே ஒரு காலை நீட்டிப் பைக்கை உதைத்துத் தள்ளினார். மாப்பிள்ளை எதிரில் கால் நீட்டி உட்காராத மனுஷன்! அந்த நேரம் பார்த்துத்தானா சம்பந்தியம்மாவின் தங்கச்சி ஆட்டோவில் கடந்து போக வேண்டும்?

பெட்ரோல் போட்டு, வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. செய்தி முன்னாலேயே வந்திருந்தது.

“என்னாங்க, மாப்ளய ரோட்ல ஒதச்சிக்கினு வந்தீங்களாமே!” என்றாள் ஜஹபர் நிஷா வாசலிலேயே.

சம்பந்தியம்மா முகம் சரியில்லை. அஸாருதீன் முந்திக்கொண்டார். “ம்மா, நாந்தான் பெட்ரோல் போட மறந்துட்டேன். மாமா தள்ளிவுட்டாரு.”

“நல்லாருக்குதுடா! பொண்ணு பொறந்து ஏழு நாளு ஆவுது, இன்னும் பொறுப்பு வரல. நல்ல நாளும் அதுவுமா ஹஜ்ரத்த காக்க வச்சிட்டியே!”

அந்தப் பொய்க்குள் பதுங்கிக்கொள்ள சிராஜுதீனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அருமையான பொய், ஓட்டையே இல்லை. ஆனால் இத்தனை பேர் நடுவில், அதுவும் பேர் வைக்கிற நாளில், பேத்தியின் அப்பன் தலை குனிந்து நிற்கிறானே.

“அவர ஏசாதீங்க சம்பந்தி. மீட்ர கெடுத்தவன் நான். கால் டியூப் கம்மு...”

“சிராஜ் பாய், மொதல்ல பேரு” என்றார் ஹஜ்ரத்.

அஸாருதீன் குழந்தையை வாங்கிக் காதருகே குனிந்து, “லமீஸ்” என்றார். மூன்று தரம். அஸ்ஃபியா முகம் மலர்ந்தது. ஹஜ்ரத் கையேந்தி துஆ செய்தார். நேரமாகிவிட்டது என்றவர், சிராஜுதீன் சொன்ன கம் கதையை ஓட்டை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் செருப்பைத் தேடினார். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“மாமா, அந்த ஓட்டை ஆவி வெளிய போறதுக்கு அவங்களே வுட்ட வழி” என்றார் அஸாருதீன். “மேல இருந்த துணி தண்ணிய உள்ள வுடாது, காத்த வுடும்.”

“அன்னைக்கே சொல்லக்கூடாதா மாப்ள?”

“நீங்க எங்க சொல்ல வுட்டீங்க?”

மருமகன் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு. சிராஜுதீனுக்கு ஏனோ அது பிடித்திருந்தது.

பேத்தியை மடியில் வைத்தார்கள். சுற்றியிருந்த துணியில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் சந்து தெரிந்தது. அவர் கை தானாகப் போய் அதை இழுத்துச் செருகியது.

“கைய எடுங்க!” என்று கத்தினாள் ஜஹபர் நிஷா. “இருக்கற சந்தெல்லாம் அடச்சி புள்ளைக்கும் ஆவி புடிக்க வைக்காதீங்க.”

வீடே சிரித்தது. சிராஜுதீன் துணியைத் தளர்த்திவிட்டார். லமீஸ் மூக்கைச் சுருக்கித் தும்மினாள். சந்தேகமேயில்லை, அவர் மூக்குத்தான். பாவம்.