வெர்லீன் வாய் திறந்த மாலை

எங்கள் ஊர் வெசெலியில் வெர்லீன் கோபெக்கி யார் பக்கம் என்பது இருபது வருடமாக யாருக்கும் தெரியாது. கூடவே குடித்தனம் நடத்தும் புருஷன் டுவெய்னுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு வருடத்துக்கு ஒரு ஜனவரியில், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எங்கள் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். எங்கள் அயோவா மாநிலத்தில் இதற்கு காக்கஸ் என்று பெயர். சீட்டு கிடையாது, திரை கிடையாது. பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் ஊரே பார்க்க நிற்க வேண்டும். ஏன் அங்கே நிற்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வெர்லீன்தான் இதற்குத் தலைவி. தலைகளை எண்ணுவாள், விதியை வாசிப்பாள், சண்டையை விலக்குவாள். தான் மட்டும் எந்த மூலைக்கும் போக மாட்டாள்.

அதே கூடத்தின் சமையலறையில்தான் முப்பத்தொரு வருடமாக வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதட்டினால் அறுபது வயதுப் பன்றிப் பண்ணைக்காரனும் வரிசையில் நிற்பான். அப்பேர்ப்பட்டவள் இந்தத் தடவை தலைவி பதவியை ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெத்தனியிடம் கொடுத்துவிட்டு, பால் பெட்டிகள் வைக்கும் மூலையில், கொரின் ஹால்டேன் என்று எழுதிய தாளுக்குக் கீழே போய் நின்றாள். மருமகள் ஜனெல் எட்டு மாத வயிற்றோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் மூலையில் பெரிய கூட்டத்தை வைத்திருந்த லெலாண்டுக்கு வாய் சும்மா இருக்குமா?

“பெத்தனி, அந்தப் பொண்ணை ஒரு தலையாத்தான் எண்ணணும், சொல்லிட்டேன்.”

“உன்னையே ஒரு தலைன்னு எண்ணுறாங்களே, அதைச் சொல்லு” என்றாள் வெர்லீன். கூடம் சிரித்தது.

ஹால்டேன் மேற்கே ஒரு மாநிலத்தில் கவர்னராக இருந்தவர். பணமும் இல்லை, டிவியில் முகமும் இல்லை. அவருக்காக வெர்லீன் ஏன் இப்படி வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் மருத்துவமனையின் பிரசவப் பிரிவை மூடி ஆறு வருடம் ஆகிறது. வருடத்துக்கு அறுபது பிரசவம்தான், கட்டுப்படியாகவில்லை என்று வாரியத்தில் கை தூக்கி முடித்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, இதே மாதிரி ஒரு ஜனவரியில் ஜனெலுக்கு வலி கண்டது. மகன் டிராவிஸ் லாரியோடு நெப்ராஸ்காவில் இருந்தான். ஐம்பத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு வெர்லீன்தான் வண்டி ஓட்டினாள். முப்பத்தோராவது மைலில், தானியக் கிடங்குக்குப் பக்கத்தில், பனி மூடிய சாலையோரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. தன் கோட்டைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றி அணைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பேத்தி பிழைத்துக்கொண்டாள், இப்போது வாயாடி. ஆனால் அந்த நாற்பது நிமிடம் வெர்லீனை விட்டுப் போகவே இல்லை. இன்னும் ஐந்து வாரத்தில் இரண்டாவது. அவளுக்குப் பயமாக இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் மனசு வரவில்லை.

போன கோடையில் எங்கள் ஊருக்கு ஆறு வேட்பாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். நீங்கள் வந்தால் அந்தப் பிரிவைத் திறப்பீர்களா? ஐந்து பேர் அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே கண்டிப்பாக என்று சொல்லிவிட்டார்கள். ஹால்டேன் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பதினோரு பேருக்கு முன்னால் பேசியவர். அவர் மட்டும், “அப்படி வாக்குக் கொடுக்க என்னால முடியாது. தூரம் எவ்வளவு? யார் ஓட்டிட்டுப் போனது?” என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சமையலறை போன் அடித்தது. ஹால்டேனேதான். விசாரித்துப் பார்த்தேன் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார். அவ்வளவுதான், வெர்லீன் முடிவு பண்ணிவிட்டாள்.

இனி அன்று மாலைக்கு வருவோம். வந்து பதிந்தவர்கள் எண்பத்துநாலு பேர். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைய வேண்டும் என்பது விதி. அதாவது பதிமூன்று பேர் வேண்டும். வெர்லீன் மனசுக்குள் எண்ணி வைத்திருந்தாள், சரியாகப் பதிமூன்று. பெத்தனி எண்ணிவிட்டுப் பன்னிரண்டு என்றாள். வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். டுவெய்னைக் காணவில்லை.

கதவு திறந்தது. புருவமெல்லாம் பனி அப்பிய டுவெய்ன், கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி; கிளம்பும் நேரத்தில் ஜனெலுக்குக் குளிரக் கூடாதே என்று வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வரப் போயிருக்கிறான், புண்ணியவான். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. எந்தக் கூட்டமானாலும் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கால் தானாக வண்டிக்குப் போய்விடும்.

“என்ன, எண்ணிட்டீங்களா?” என்றான் அப்பாவியாக.

எண்ணும்போது அறைக்குள் இல்லாதவருக்கு மறு எண்ணிக்கையிலும் இடமில்லை. இது எங்கள் கூடத்தில் வெர்லீன் போட்டு வைத்த கட்டுப்பாடு. பெத்தனி தயங்கி, வாசலில்தானே இருந்தார், சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். லெலாண்டே ஆட்சேபிக்கவில்லை. வெர்லீன்தான் மறுத்தாள். கழிவறைக்குப் போனவர்களைக்கூட இருபது வருடமாகத் திருப்பி அனுப்பியவள் அவள். தன் புருஷன் என்று வந்தால் மட்டும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். டுவெய்ன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகவோ, ஆள் சேர்த்து மூலையைத் தக்கவைக்கவோ பதினைந்து நிமிடம். இன்னொரு சின்ன மூலையும் ஐந்து பேரோடு கலைந்திருந்தது. அதில் நாலு பேரை லெலாண்ட் காபி கொடுத்து இழுத்துவிட்டான். மிச்சம் ஒரே ஆள், கூடத்தின் நடுவில் தனியாக நின்றார். ஆர்லோ மகாசெக். எழுபத்துநாலு வயது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பிரசவப் பிரிவை மூட அன்று வாரியத்தில் கை தூக்கியவர்களில் ஒருவர்.

வெர்லீன் கிளம்புவதைப் பார்த்து டுவெய்ன் எட்டிக் கையைப் பிடித்தான். “வெர்லீன், ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் எடுக்காத. சோள விலையைப் பத்திப் பேசு. அவர் ஒரு ஆள் போதும் நமக்கு.”

“சோளத்துக்காகவா நான் இங்க நிக்கிறேன்?” என்று கையை விடுவித்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஆர்லோ, நான் என் காரணத்தைச் சொல்றேன். பிடிச்சா வாங்க, இல்லன்னா லெலாண்ட் காபி ஆறுறதுக்குள்ள போங்க. என் பேத்தி ரோட்டோரத்துல பொறந்தா. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றார் அவர்.

“ஹால்டேன் அதைத் திறக்கிறேன்னு சொல்லல. ஆனா அவங்க ஒண்ணு கேட்டாங்க. தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை தீ அணைச்சாங்கன்னு எண்ணியா சம்பளம் கொடுக்கிறோம்? தயாரா இருக்கிறதுக்குத்தானே கொடுக்கிறோம்? பிரசவத்துக்கு மட்டும் ஏன் தலைக்கு இவ்வளவுன்னு கொடுக்கணும்? அதை மாத்தினா சின்ன ஆஸ்பத்திரி தானா நிக்கும், அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், இந்தக் குழந்தைக்கு ஆகாதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க. என்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆளு அவங்கதான்.”

ஆர்லோ தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றாள். “நீங்க கை தூக்கின அன்னைக்கு நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். யாராவது பேசணுமான்னு கேட்டாங்க. நம்ம பொதுவான ஆளு, எதுக்கு வம்புன்னு பேசாம இருந்துட்டேன். அதனால உங்களைக் குத்தம் சொல்ல நான் வரல. நீங்க ஒரு ஓட்டு, நான் ஒரு ஓட்டு. இனிமே சும்மா உக்கார முடியாது என்னால.”

ஆர்லோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவளைத் தாண்டி மெதுவாக நடந்து பால் பெட்டி மூலைக்குப் போனார். ஜனெலிடம் எப்போது என்று கேட்டார். பிப்ரவரி கடைசி என்றாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தன்னிடம் இருக்கிறது, எந்த நேரமானாலும் கூப்பிடு, தான் நிறையப் பசுக்களுக்குப் பிரசவம் பார்த்தவன் என்றார். ஜனெல் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பெத்தனி பதிமூன்று என்று எழுதிவிட்டு, மூலை மாறியவர் விரும்பினால் காரணம் சொல்லலாம் என்றாள். அது வழக்கம். பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்லோ தொண்டையைச் செருமினார்.

“அந்த வேட்பாளரை எனக்குத் தெரியாது. ஆறு வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட மழையைப் பத்தியும் பனியைப் பத்தியும்தான் பேசுறாங்க. இவ ஒருத்திதான் அதைப் பத்திப் பேசினா.”

வெர்லீன் ஒரு நாற்காலியை இழுத்து ஜனெலுக்குப் பக்கத்தில் போட்டு, “உக்காருங்க ஆர்லோ” என்றாள்.